கடதாசி மேலையோ, கீழையோ?

ஐங்கரன் அண்ணைக்குத் தெரியாத விஷயம் ஒன்று எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் இன்னும் பிறக்கவில்லை. தொலைபேசி திருத்துகிற கடை என்று பலகை போட்டிருக்கிறார். அங்கே ஒரு தொலைபேசி திருந்தி வெளியே வந்ததை நான் கண்டதில்லை. ஆனால் விசா, வரி, வழக்கு, மூட்டுவலி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்தக் கண்ணாடி மேசைக்கு முன்னால்தான் திருத்தப்படும். சனம் வரிசையில் நிற்கும். அவர் ஒரு காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டே மற்றவர்களுக்குத் தீர்ப்புச் சொல்வார். என்னுடைய மனுசன் வாமதேவன் அந்த வரிசையில் முதலாவது ஆள்.

எங்கள் வீட்டுக் கூரைக்குள் குளிர் மறிக்கிற பஞ்சு போட்ட கதையும் அந்த மேசையில்தான் தொடங்கியது. ஆனால் அதற்கு முன்னம் என் மகள் சொன்ன ஒரு வசனத்தைச் சொல்லவேண்டும். அந்த வசனம் இல்லாவிட்டால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

நாங்கள் இருப்பது ஐந்தாம் மாடி. அதற்கு மேலே, கூரைக்கு நேர் கீழே, ஒரு குட்டி அறை. அந்தக் காலத்தில் பணக்கார வீட்டு வேலைக்காரிகள் படுத்த அறையாம். வீட்டை வாங்கும்போது கொசுறு மாதிரி அதுவும் சேர்ந்து வந்தது. அரிசி மூட்டை, சூட்கேஸ்கள், கோயில் திருவிழாவுக்கு வாங்கி மிஞ்சிய தட்டுகள், எல்லாம் அங்கேதான் இருந்தன. குளிர்காலத்தில் அந்த அறைக்குள் வைத்தால் தேங்காய் எண்ணெய் உறைவதை விடுங்கள், நல்லெண்ணெயே தடித்துப் போய்க் கரண்டியால் அள்ளவேண்டியிருக்கும்.

மகள் லக்ஷனா வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு எனக்கு ஒரே ஒரு பயம்தான். தனியாக இருக்கப் போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாரும் அதைச் சொல்கிறார்கள். ஸ்தேனில் இருக்கிற என் தங்கச்சியின் மகள் மார்செய்க்குப் போனவள், இப்போது பிறந்தநாளுக்கு ஒரு குரல் பதிவு அனுப்புகிறாள். தங்கச்சி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டு இருக்கிறாள். எனக்கு அப்படி ஒரு வாழ்க்கை வேண்டாம். என் பிள்ளை என் கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கவேண்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

ஒரு காலை, இலையெல்லாம் கொட்டி முடிகிற நேரம், லக்ஷனா சப்பாத்துப் போட்டுக்கொண்டே, ஒரு கால் வாசலுக்கு வெளியே இருக்க, சொன்னாள்.

"அம்மா, ஸ்தூடியோ ஓ-தெசு எனக்குப் பிடிச்சிருக்கு. அங்க போய் இருக்கலாமெண்டு யோசிக்கிறன். உங்களுக்கும் அப்பாக்கும் ஓகேயா?"

பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். ஆனால் எனக்கு முழுதாக விளங்கியது. 'தெசு' என்றால் மேலே. இந்த நாட்டில் இத்தனை வருசம் கடைக் காசுப்பெட்டியில் நின்றவளுக்கு இதுகூட விளங்காதா? மேலே உள்ள அறையைக் கேட்கிறாள். அரிசி மூட்டை கிடக்கிற அறையை ஸ்தூடியோ, அதாவது ஓரறை வீடு, என்று மரியாதையாகச் சொன்னது எனக்கு இன்னும் பிடித்துப் போனது.

"ஓம் பிள்ளை, ஓம்! அதுக்கென்ன!" என்றேன். "அப்பாவோடை நான் கதைக்கிறன். நீ ஒண்டுக்கும் யோசியாதை, எல்லாம் நாங்கள் பாக்கிறம்."

அவள் என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் தந்துவிட்டுப் படியிறங்கி ஓடினாள். ரயிலைப் பிடிக்கக்கூட அவ்வளவு வேகமாக அவள் ஓடி நான் கண்டதில்லை. எனக்கு அந்த முழுநாளும் கடையில் கால் நோகவேயில்லை.

மனுசனுக்குச் சொன்னேன். அவர் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்தில் சமையல். அடுப்புக்கு முன்னால் நின்று நின்று சந்தோசத்தையும் கவலையையும் ஒரே முகத்தால் காட்டப் பழகியவர். அன்றைக்கு முகம் மாறியது.

"பாத்தீரே? நான் சொன்னனான், எங்கடை பிள்ளை மற்றப் பிள்ளையள் மாதிரி இல்லை எண்டு."

அவர் அப்படிச் சொன்னதே இல்லை. இருந்தாலும் நான் விட்டுவிட்டேன்.

அந்தக் கிழமையே படிக்கட்டில் மொசியு பெரனைச் சந்தித்தோம். எங்களுக்கு நேர் கீழே, நான்காம் மாடியில், அவருக்குச் சொந்தமாக ஒரு சின்ன வீடு இருக்கிறது. வாடகைக்கு இருந்தவர் போய்விட்டார். பெரன் வாளியும் தூரிகையுமாக வெள்ளையடித்துக்கொண்டு இருந்தார். எங்களைக் கண்டதும் நின்று, சிரித்துக்கொண்டு, நீளமாக ஒன்று கேட்டார். அதில் 'உங்கள் மகள்' என்பதும் 'ஸ்தூடியோ' என்பதும் 'தெசு' என்பதும் எனக்குப் பிடிபட்டன.

என் மனுசன் நெஞ்சை நிமிர்த்தினார். வெளிநாட்டமைச்சர் மாதிரி ஒரு சிரிப்பு.

"நோ, நோ, மொசியு! மகள், தெசு! தெசு!" என்று சொல்லி, சுட்டுவிரலை நேரே கூரைப் பக்கம் நீட்டினார்.

பெரன் அண்ணாந்து பார்த்தார். பிறகு மனுசனைப் பார்த்தார். நிச்சயமோ என்று கேட்டார்.

"சூர், சூர்!" என்றார் இவர், விரலை இறக்காமல்.

பெரன் தோளை உயர்த்தி இறக்கினார், நல்லது என்றார், வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். இவர் என் பக்கம் திரும்பி, "பாத்தீரே, மகள் மேலை குடிபோறது பெரனுக்கும் தெரிஞ்சு போச்சு. கட்டடம் முழுக்க எங்கடை கதைதான்," என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இனி ஐங்கரன் அண்ணை.

அந்த அறையைச் சூடாக்க என்ன செய்யலாம் என்று இவர் போய்க் கேட்டிருக்கிறார். அண்ணை தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே கேள்வி கேட்டாராம். கூரைக்குள் ஏறிப் பார்த்தாயோ? பார்த்தேன் என்றாராம் இவர். உள்ளே பழைய கண்ணாடிப் பஞ்சு கிடக்கிறதோ? கிடக்கிறது, சப்பையாய், சாம்பல் நிறமாய். காய்ந்ததோ நனைந்ததோ? காய்ந்தது.

"அப்ப உள்ளதுக்கு மேலை புதுசைப் போடு. பழசை எடுத்து எறிஞ்சியெண்டால் நீ விசரன். ஒரு போர்வை காணாட்டில் என்ன செய்வாய்? அதை எறிவியோ? மேலை இன்னொண்டு போர்ப்பாய்."

ஒத்துக்கொள்கிறேன், இதுவரைக்கும் அண்ணை சொன்னது சரி. ஐங்கரன் அண்ணை எதையும் பாதி வரைக்கும் சரியாகத்தான் சொல்வார். பாதியில் நிறுத்தத் தெரியாததுதான் அவருடைய வியாதி.

பஞ்சுச் சுருள் வாங்கப் போனபோது அண்ணையும் கூடப் போனார். ஒரு வகை வெறும் பஞ்சு. மற்ற வகையில் ஒரு பக்கம் பழுப்பு நிறத்தில் தடித்த கடதாசி ஒட்டியிருக்கும். "கடதாசி உள்ளதை எடு. உறை உள்ளதுதான் தரமான சாமான்," என்றாராம் அண்ணை. இவரும் சந்தோசமாகத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறு மாடிக்கும் மின்தூக்கி கிடையாது. ஐந்தாம் மாடிக்கு வந்ததும் சுருளின்மேல் குந்தியிருந்து தண்ணீர் கேட்டார். ஐங்கரன் அண்ணைக்கு முதுகில் ஏதோ பழைய பிடிப்பாம். அவர் முன்னால் நடந்து கதவு திறந்துவிட்டார்.

அடுத்த பிரச்சினை, கடதாசி எந்தப் பக்கம்? மேலையோ, கீழையோ?

"இதென்ன கேள்வி? மேலைதான்," என்றார் அண்ணை, எங்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு. "உறை எந்தப் பக்கம் இருக்கும்? இந்தச் சோபாவுக்கு பிளாஸ்ரிக் எங்கை இருக்குது? மேலையா, கீழையா?"

எங்கள் சோபாவின் பிளாஸ்ரிக், வாங்கிய நாளிலிருந்து கழற்றப்படவில்லை. லக்ஷனா பலமுறை கழற்றப் பார்த்துத் தோற்றுப்போனாள். வெயில்காலத்தில் காற்சட்டையோடு இருந்தால் ஒட்டும், எழும்பும்போது சத்தம் வரும். ஆனால் பார்த்தால் நேற்று வாங்கியது போலத்தான் இருக்கும். ரிமோட்டுக்கும் உறை, மேசைக்கும் உறை, காரின் பின் இருக்கைக்கும் உறை. தூசு மேலேயிருந்துதானே விழுகிறது? எனக்கும் அண்ணை சொன்னது நியாயமாகப் பட்டது. அதை இப்போது யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன்.

இவருக்கு மட்டும் ஒரு சின்னச் சந்தேகம். மகளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நாங்கள் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. தைப்பொங்கல் அன்றைக்குப் பால் காய்ச்சி, மேலே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதாகத் திட்டம். அதனால் அவளுக்குத் தொலைபேசி எடுத்து, வேலைத்தலத்தில் ஒரு நண்பனுக்குத் தெரிய வேணுமாம் என்று பொய் சொல்லி, கேட்டார்.

"பிள்ளை, இந்தக் கண்ணாடிப் பஞ்சிலை ஒட்டியிருக்கிற கடதாசி, அது தெசுவோ, தெசுவோ?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டார். மேலே என்பதற்கு ஒரு தெசு, கீழே என்பதற்கு ஒரு தெசு. பிரெஞ்சுக்காரர் இரண்டுக்கும் வேறு வேறு சொல் வைத்திருக்கிறார்களாம். எங்கள் காதுக்கும் வாய்க்கும் இரண்டும் ஒன்றுதான். பிரெஞ்சு வகுப்பில் படிப்பித்த மதாம் எங்களை உதட்டைக் குவிக்கச் சொல்லி எவ்வளவோ பாடுபட்டா. கடைசியில் அவ களைத்துப்போய் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டா.

லக்ஷனா தன்னோடு வேலை செய்கிற யாரிடமோ கேட்டுவிட்டு வந்து சொன்னாள். "தெசு, அப்பா. தூஜூர் தெசு."

"எப்பவும் மேலைதானாம்," என்று இவர் தொலைபேசியை வைத்தார். அண்ணை எனக்கு ஒரு பார்வை விட்டார். பட்டம் வாங்கிய பிள்ளையே தன்னை உறுதிப்படுத்திவிட்ட பார்வை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவர் கூரைக்குள் ஏறினார். நீச்சலுக்குப் போடுகிற கண்ணாடி, வாய்க்கு முகமூடி, கைக்குப் பாத்திரம் கழுவுகிற மஞ்சள் உறை, தலைக்கு என் பழைய சால்வை. ஏணியை நான் பிடித்தேன். ஐங்கரன் அண்ணை அரிசி மூட்டையில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு வழிநடத்தினார். உள்ளே நிமிரவும் முடியாது, இருக்கவும் முடியாது. இவர் வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து பழைய பஞ்சுக்கு மேலே புதுசை விரித்து, கடதாசியை மேல்பக்கம் பார்க்க வைத்து, இடைவெளி இல்லாமல் நெருக்கினார். இறங்கி வந்தபோது கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் கடி. சுடுதண்ணீரில் குளித்துவிட்டு வந்தார், கடி இன்னும் கூடியது. "பச்சைத் தண்ணியிலை எல்லோ குளிக்கோணும்," என்றார் ஐங்கரன் அண்ணை, அவர் சொறிந்து முடித்த பிறகு.

ஆனால் அறை சூடானது. அதையும் சொல்லத்தானே வேண்டும். நான் சுவருக்கு மெல்லிய மஞ்சள் அடித்தேன். கட்டில், புது மெத்தை, சன்னலுக்குத் திரை, ஒரு மின் சூடாக்கி. அறை சும்மா கிடக்கக்கூடாது என்று நான் வீட்டு உடுப்பு முழுவதையும் அங்கேதான் காயப் போட்டேன். ஈரச் சாரம், ஈரத் துவாய், ஈரப் போர்வை எல்லாம் ஒரு நாளில் காய்ந்தன. இவர் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகமுன் ஏறிப்போய் அறை நடுவில் கையை விரித்துக்கொண்டு நிற்பார். சாமி அறைக்குள்ளும் அவர் அப்படி நின்று நான் கண்டதில்லை.

மகளோ வரவர மாறிக்கொண்டு வந்தாள். அந்த முத்தம் தந்த பிள்ளை எங்கே போனாள் என்று தெரியவில்லை. சாப்பிட்டவுடன் எழும்பிப் போய்க் கதவைச் சாத்துவாள். அப்பாவோடு கதைப்பதே குறைந்தது. இவர் ஏதாவது கேட்டால் "வுய்" அல்லது "நோ". கதவுக்குப் பக்கத்தால் போகும்போது, போகும்போதுதான், நின்று கேட்கவில்லை, அவள் தொலைபேசியில் யாருக்கோ "நாந்த்... நாந்த்..." என்று சொல்வது காதில் விழுந்தது. ஆகா, நந்தன். யாரோ ஒரு நந்தன். எந்த ஊர், யாருடைய மகன், திரான்சியில் நகைக்கடை வைத்திருக்கிறவையின் பெடியனோ என்று எனக்குள்ளேயே கணக்குப் பார்த்தேன். பரவாயில்லை, நந்தனும் மேல் அறையில் இருக்கலாம், மெத்தை பெரியதுதான் என்றுகூட யோசித்துவிட்டேன்.

தைப்பொங்கல் வந்தது. நல்ல குளிர். காலையில் சன்னல் கண்ணாடியெல்லாம் பனி. மேல் அறைக்குள் சின்ன மின்னடுப்பை வைத்து, புதுப் பானை வைத்து, பால் ஊற்றினோம். கூரைக்குக் கீழே புகை எழும்பக்கூடாது என்று இவர் சொன்னார். சமையல்காரருக்கு நெருப்பில் கவனம் உண்டு. பிரதம விருந்தினர் ஐங்கரன் அண்ணை பட்டு வேட்டியோடு வந்திருந்தார். ஏற்பாடு எல்லாம் தன்னுடையது போல நடுவில் நின்றார். நான் கீழே போய் லக்ஷனாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் மேலங்கியோடு, எங்கோ போக வெளிக்கிட்டபடி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறி வந்தாள்.

கதவைத் திறந்தேன். மஞ்சள் சுவர், திரை, கட்டில். பால் பொங்கத் தயாராகி, ஆவி கூரைவரைக்கும் போய்க்கொண்டு இருந்தது. இவர் இரண்டு கையையும் விரித்து, "உன்ரை ஸ்தூடியோ!" என்றார்.

லக்ஷனா வாசலிலேயே நின்று சுவரையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்போதுதான் முதல் துளி விழுந்தது. நேரே ஐங்கரன் அண்ணையின் வழுக்கைத் தலையில். அவர் தடவிப் பார்த்தார், அண்ணாந்தார். இரண்டாவது மூக்கில் விழுந்தது. மூன்றாவது புது மெத்தையில். நாங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். மேல்தட்டில் தேத்தண்ணி சிந்தினமாதிரி ஒரு மஞ்சள் வட்டம், நடுவில் கனத்து, தொங்கிக்கொண்டு இருந்தது. முந்தின நாள்கூட அது இல்லை. அல்லது ஈரப் போர்வைகளுக்கு மேலால் நான் பார்க்கவில்லை.

"கூரை ஒழுகுது," என்றார் அண்ணை, தலையைத் துடைத்துக்கொண்டு. "உது நகரசபையின்ரை பிழை."

"மழையே இல்லை அண்ணை," என்றார் இவர்.

மனுசன் ஏணியைப் போட்டு, கூரைக்குள் ஏறுகிற சதுரக் கதவைத் தள்ளித் தலையை உள்ளே விட்டார். ஒரு துண்டுப் பஞ்சைப் பிடுங்கிக் கீழே போட்டார். பாத்திரம் துடைக்கிற துணி மாதிரி நிலத்தில் சதக்கென்று விழுந்தது. பிழிந்தால் தண்ணீர் வரும். மேலே ஒட்டியிருந்த கடதாசி மட்டும் வெளிப்பக்கம் நன்றாகக் காய்ந்து, புதுசு மாதிரி, ஒரு தூசு இல்லாமல் இருந்தது.

லக்ஷனா குனிந்து அதைத் தூக்கிப் பார்த்தாள். கடதாசியைப் பற்றிக் கேட்ட அந்த 'நண்பன்' யார் என்று அவளுக்கு அப்போது விளங்கியிருக்கவேண்டும்.

"கடதாசியை மேலயா போட்டீங்க?"

"நீதானே சொன்னனி, தெசு எண்டு!"

"நான் தெசு எண்டு சொன்னன்!"

"ஓம்! நானும் தெசு எண்டுதானே போட்டனான்!"

"நோ! தெசு!" என்றாள் அவள்.

நான் இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லி ஒருவரையொருவர் கத்துகிறார்கள். பால் பொங்கி வழிந்தது. யாரும் பொங்கலோ பொங்கல் என்று சொல்லவில்லை. நான்தான் அடுப்பை நிறுத்தினேன்.

அவள் தொலைபேசியை எடுத்து, தட்டி, வாசித்தாள். ஐங்கரன் அண்ணை பல கிழமையாக விளக்கியது அதில் நாலு வரியில் இருந்தது. அறைக்குள் இருக்கிற ஈரம், சமைக்கிற ஆவி, உடுப்புக் காய்கிற ஆவி எல்லாம் மேலே ஏறுமாம். கடதாசி அதைத் தடுக்கத்தானாம், அதனால் அது சூடான பக்கம், கீழே, அறையைப் பார்த்து இருக்கவேணுமாம். மேலே இருந்தால் ஆவி பஞ்சுக்குள் போய்க் குளிர்ந்த கடதாசியில் முட்டித் தண்ணீராகிவிடுமாம். அதைவிடப் பழைய பஞ்சுக்கு மேலே போடும்போது கடதாசியே இருக்கக்கூடாதாம், வெறும் பஞ்சுதானாம். உடுப்புக் காய்கிற ஆவி என்ற இடத்தை அவள் வாசித்தபோது நான் சன்னல் திரையைச் சரி செய்தேன்.

"அதுதானே நானும் முதலே யோசிச்சனான்," என்றார் ஐங்கரன் அண்ணை.

லக்ஷனா அப்பாவுக்கு முன்னால் வந்து நின்று, சின்னப் பிள்ளைக்குக் காட்டுவது போல வாயைக் காட்டினாள். "உதட்டை விசிலடிக்கிற மாதிரிக் குவிச்சு, 'ஈ' சொல்லுங்க. அதுதான் மேல. 'ஊ' எண்டு சொன்னா கீழ. நான் சொன்னது ஊ. கீழ."

இவர் குவித்தார். "தெசிவ்" என்றார்.

அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. ஊ என்றால் கீழே. அப்படியென்றால் அன்றைக்கு வாசலில், ஒரு கால் வெளியே இருக்க, இவள் சொன்ன தெசு எந்தத் தெசு?

"பிள்ளை," என்றேன். "நீ போய் இருக்கப்போறன் எண்டு கேட்ட ஸ்தூடியோ... எது?"

அவள் என்னைப் பார்த்தாள். "மொசியு பெரன்ர. கீழ. நாலாம் மாடி."

"இந்த அறை இல்லையே?"

"இதை நான் எப்ப கேட்டன்? இது அரிசி அறை! நான் கீழ போறன் எண்டு சொன்னன். நீங்கள் ஓம் ஓம் எண்டு சொன்னீங்க, அப்பாவோட கதைக்கிறன் எண்டீங்க. பேந்து அப்பா..." குரல் உடைந்தது. "அப்பா மொசியு பெரனிட்ட வேண்டாம் எண்டு சொல்லிட்டார். அவர்தான் எனக்குச் சொன்னார். உங்க அப்பாக்கு விருப்பமில்லை, ரெண்டு தரம் கேட்டன், ரெண்டு தரமும் நோ எண்டு சொல்லிட்டார், கையைக் காட்டிப் போகச் சொன்னார் எண்டு. அவருக்கு அவசரம், வேற ஆளுக்குக் குடுத்திட்டார். எனக்கு முகத்துக்கு நேர ஓம் சொல்லிட்டு, பின்னால போய் நோ சொன்னீங்க. உங்களுக்கு ஒரு மாடி கீழ போனாலே தாங்க ஏலாதெண்டா நான் என்ன செய்யிறது? அதான் நாந்த்துக்கு எழுதிப் போட்டன்."

"ஆர் அந்த நந்தன்?" என்றார் இவர்.

"நந்தன் இல்லை! நாந்த்! ஊர்! கடல் பக்கம். வேலை கிடைச்சிருக்கு. திங்கட்கிழமை பதில் சொல்லோணும்."

நந்தன் பெடியன் இல்லை, ஊர். அதுவும் ரயிலில் போகிற ஊர். கட்டிலில் இன்னொரு துளி விழுந்தது.

"கீழை ஆர் வந்திருக்கினம்?" என்று கேட்டேன், ஏதாவது கேட்கவேண்டும் என்பதற்காக. ஐங்கரன் அண்ணை வேட்டியை உதறிக் கட்டினார்.

"அது வந்து... என்ரை மனுசியின்ரை தம்பிக்கு... பெரன்தான் சொன்னவர், மேல்வீட்டுக்காரருக்கு வேண்டாமாம் எண்டு. நான் நினைச்சன் உங்களுக்குத் தெரியும் எண்டு..." அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்றார், பாலைக் குடிக்காமலே படியிறங்கினார். முதுகுப் பிடிப்பு இருக்கிற ஆள் மாதிரித் தெரியவில்லை.

மனுசன் இன்னும் ஏணியின் நடுவில் நின்றார். அந்தச் சுட்டுவிரலை, படிக்கட்டில் பெரனுக்குக் காட்டின அதே விரலை, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் மேலை எண்டு காட்டினனான்," என்றார். "போகச் சொல்லிக் காட்டேல்லை. இந்த அறையைக் காட்டினனான். உனக்கு எண்டு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "கோதாரி பிடிச்ச பாசை!" என்றேன். "எனக்கு மேலையும் விளங்கேல்லை, கீழையும் விளங்கேல்லை. நீ தமிழிலை கேட்டிருந்தால் நான் அண்டைக்கே பெரனின்ரை காலிலை விழுந்திருப்பன். போகாதை எண்டு சொல்ல எனக்கு ஏலாது, நீ வளந்த பிள்ளை. ஆனால் எனக்கு நீ பக்கத்திலை வேணும். மேலையோ, கீழையோ, பின் பக்கமோ, எனக்குக் கவலையில்லை. பக்கத்திலை. இதைப் பிரெஞ்சிலை எப்பிடிச் சொல்லுறதெண்டு எனக்குத் தெரியாது."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

இவர் மேலே ஏறிப் போய்விட்டார். நீச்சல் கண்ணாடியும் இல்லை, கையுறையும் இல்லை. கடதாசியைச் சர்ரென்று கிழிக்கிற சத்தம் கேட்டது. ஈரத் துண்டுகள் ஒவ்வொன்றாகச் சதுரத் துவாரத்தால் விழுந்தன. வேட்டி ஒன்றுதான் அவருக்கு அன்றைக்குப் புதுசு, அதோடேயே ஊர்கிறார். எனக்குத் தெரியும், அந்த மனுசனுக்குக் கத்தத் தெரியாது, கிழிக்கத்தான் தெரியும்.

லக்ஷனா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேலங்கியைக் கழற்றினாள். மூலையில் கிடந்த மஞ்சள் கையுறையை எடுத்துப் போட்டாள். என் சால்வையைத் தலையில் கட்டினாள். ஏணியில் கால் வைக்கும்போது, "பிடியுங்கம்மா," என்றாள். நான் பிடித்தேன்.

மேலே இரண்டு பேரும் கதைப்பது கேட்டது. முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவள், "அப்பா, ஈ!" என்றாள். அவர், "ஈ!" என்றார். "இப்ப உதட்டைக் குவியுங்க." "தெசிவ்." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டுக் கனகாலம். ஈரமெல்லாம் இறக்கி, பழைய பஞ்சைக் காற்றுப்பட விட்டு, காய்ந்த பிறகு வெறும் பஞ்சு வாங்கிப் போடவேண்டும் என்று அவள் சொல்ல, இவர் ஓம் ஓம் என்றார். உடுப்புக் காயப்போடக்கூடாது என்றும் சொன்னாள். அதை என் காதுபடச் சத்தமாகச் சொன்னாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஏணியின் அடியில் நின்று கேட்டேன்.

"அப்ப திங்கட்கிழமை என்ன சொல்லப்போறாய்? எங்கை இருக்கப்போறாய்? விளங்கிற மாதிரிச் சொல்லு!"

அந்தச் சதுரத் துவாரத்தால் ஒரு மஞ்சள் கையுறை மட்டும் வெளியே வந்தது. சுட்டுவிரல் நீண்டது. நேரே கீழே, நான் நின்ற அறையை, நனைந்த மெத்தையைக் காட்டியது.

"தெசு," என்றாள்.

எந்தத் தெசு என்று நான் கேட்கவில்லை.

"ஆனா கோடை வரைக்கும்தான்," என்றது குரல். "கோடையில இந்தத் தகரக் கூரைக்குக் கீழ ஆர் இருக்கிறது? வெந்து போயிடுவன். பேந்து பாப்பம்."

"அதுக்கென்ன," என்றார் அவளுடைய அப்பா, உள்ளேயிருந்து, இருமிக்கொண்டு. "கோடைக்கு இதுக்கு மேலை இன்னொரு படை போட்டால் சரி."

"கடதாசி இல்லாததாய் வாங்குங்கோ," என்றேன் நான், ஏணியை விடாமல்.